நாயுடன் மோட்டார் ஹோமில் நெடும்பயணம்: குமரி மாவட்டத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதுதான் பலர் என்னிடம் வருகிறார்கள். வண்டிக்குள் கட்டில், அடுப்பு, சோலார் தகடு எல்லாம் பொருத்தி முடிந்திருக்கும். கடைசியில், "நாயையும் கூட்டிக்கொண்டு போகிறோம் அண்ணே, என்னென்ன வாங்க வேண்டும்?" என்று கேட்பார்கள். வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கு எட்டு வாரம் வேண்டும்.

டெம்போ டிராவலர் ஒன்றை வீடாக மாற்றி, செவலை என்ற என் நாட்டு நாயுடன் தக்கலையிலிருந்து பல முறை நெடுந்தூரம் போய் வந்திருக்கிறேன். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டியே நாய்க்கு ஆபத்தானது என்பதுதான் அந்தப் பயணங்களில் நான் கற்றது. ஓடும்போது குளிர்காற்று வரும், பக்கத்தில் ஆள் இருக்கும், கதவு மூடியிருக்கும். நின்றதும் இவை மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். கீழே உள்ள படிகளை அந்த நேரத்தை மனத்தில் வைத்துத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. நாள் குறிக்கும் முன் நாயைப் பாருங்கள்

எல்லா நாய்களும் இந்தப் பயணத்துக்கு ஏற்றவை அல்ல. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதை குறுகலானது. மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விப்பது அவற்றுக்குக் கடினம். சினை முற்றிய நாய், இதய நோய் உள்ள கிழட்டு நாய், தடுப்பூசி முடியாத குட்டி ஆகியவற்றை வீட்டிலேயே நம்பிக்கையான ஆளிடம் விட்டுச் செல்வதுதான் அவற்றுக்குச் செய்யும் நன்மை.

அடுத்தது பருவம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அக்டோபர், நவம்பரில் மழை. மார்ச் முதல் மே வரை மதுரைக்கு வடக்கே நாயுடன் போக வேண்டாம் என்பதே என் கருத்து. முதல் நெடும்பயணத்தை டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எட்டு வாரத்துக்கு முன்: கால்நடை மருத்துவர்

முதல் வேலையாக இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெறிநாய்க்கடி தடுப்பூசியை முதன்முறையாகப் போட்டால் எதிர்ப்புச் சக்தி உருவாக மூன்று, நான்கு வாரம் ஆகும். எலிக்காய்ச்சல் தடுப்பூசிக்கு முதல் முறை இரண்டு தவணை வேண்டும். நடுவில் சில வார இடைவெளி. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஊசி போடுகிறவர்கள் கையில் சான்று மட்டும்தான் இருக்கும், பாதுகாப்பு இருக்காது.

எலிக்காய்ச்சல் ஊசியைத் தவிர்க்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் அந்தக் கிருமி இருக்கும். வயல், குளம், வாய்க்கால் ஓரம் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் நாய் அந்த நீரில் வாய் வைக்கும். அது நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். ஒரே அறையில் நாயுடன் படுத்துறங்கும் பயணத்தில் இதை மறக்கக் கூடாது.

உண்ணிக்கு மருந்தும் இப்போதே தொடங்குங்கள். உண்ணிக் காய்ச்சல் இரத்த அணுக்களை அழிக்கும் நோய். புது மருந்து நாய்க்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை வீட்டில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: நாயின் சரியான எடை, வாந்திக்கான மருந்து, பேதிக்கான மருந்து, அவற்றின் அளவு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது முறை, கிளம்பும் வாரத்தில் போக வேண்டும். பயணம் செய்யத் தகுதியான உடல்நிலையில் இருக்கிறது, தொற்றுநோய் அறிகுறி இல்லை என்ற சான்று அப்போது வாங்க வேண்டும். விலங்குகளைக் கொண்டுசெல்வதற்கான 1978ஆம் ஆண்டு விதிகள் நாய்க்கு இந்தச் சான்றைக் கேட்கின்றன. களியக்காவிளையிலோ ஓசூரிலோ யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம். தடுப்பூசிப் புத்தகத்தின் நகல் ஒன்றை வண்டியிலும், படம் ஒன்றைக் கைபேசியிலும் வையுங்கள்.

3. வண்டிக்குள் நாயின் இடத்தை முடிவு செய்யுங்கள்

பழக்குவதற்கு முன்பே இடம் முடிவாக வேண்டும். நாய் பழகுவது வண்டிக்கு அல்ல, வண்டிக்குள் இருக்கும் தன் இடத்துக்கு. ஒரு மாதம் கட்டிலுக்கடியில் படுக்கவைத்துவிட்டு, கிளம்பும் நாளில் அங்கே அரிசி மூட்டையை அடுக்கினால் அது எங்கே போகும்?

நல்ல இடம் பின் அச்சுக்கு முன்னால், தரையோடு, வெயில் நேராக விழாத பக்கம். பின் அச்சுக்கு அப்பால் குலுக்கல் அதிகம், வாந்தி வரும். நாய் எழுந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். கூண்டு வைத்தால் அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். கூண்டு இல்லையென்றால் மார்புப் பட்டையில் கொக்கி போட்டுத் தரை வளையத்தில் கட்டுங்கள். கழுத்துப் பட்டையில் ஒருபோதும் கட்டாதீர்கள். திடீரெனப் பிரேக் போட்டால் மொத்த எடையும் கழுத்தில் விழும். கட்டாமல் விட்ட நாயோ அப்படியே ஓட்டுநர்மேல் வந்து விழும்.

தரைக்கு வழுக்காத ரப்பர் பாய் போடுங்கள். பளபளப்பான வினைல் தரையில் நகம் பிடிக்காது. வளைவில் நாய் நாலு காலையும் பரப்பிக்கொண்டு சறுக்கும். அந்தப் பயம் ஒரு முறை பிடித்தால் போவதில்லை.

பலருக்குத் தோன்றாத ஒன்று சமையல் எரிவாயு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தங்கும். தரையில் படுத்திருப்பது உங்கள் நாய். கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்துங்கள். மேலே வைத்தால் மனிதருக்குத் தெரியும் முன் நாய் மயங்கியிருக்கும்.

வண்டியை வீடாக மாற்றும்போது ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி. புத்தகத்தில் திருத்தமும் வேண்டும் என்பது தனி விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அந்த வேலை முடிந்த பிறகே நாய் வேலையைத் தொடங்குங்கள். இல்லையென்றால் பாதிப் பழக்கத்தில் வண்டி மறுபடி பட்டறைக்குப் போய்விடும்.

4. நின்ற வண்டியில் பழக்குங்கள், பிறகு எஞ்சின், பிறகு ஓட்டம்

முதல் மூன்று நாள் வண்டி முற்றத்தில் நிற்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வையுங்கள். தானாக ஏறினால் ஏறட்டும். தூக்கி உள்ளே போடாதீர்கள்.

அடுத்த வாரம் சாப்பாடு வண்டிக்குள், அதன் இடத்தில். பிறகு கதவைச் சாத்திவிட்டு நீங்களும் உள்ளே உட்காருங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி. அது தூங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாம் வாரம் எஞ்சினை மட்டும் ஓடவிடுங்கள். டீசல் எஞ்சினின் அதிர்வு தரை வழியாக நாயின் வயிற்றுக்கு நேரடியாகப் போகும். நமக்குச் சத்தமாகத் தெரிவது அதற்கு உடம்பு நடுக்கமாகத் தெரியும். அதனால்தான் எஞ்சின் பழக்கத்தையும் ஓட்டத்தையும் பிரிக்கச் சொல்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் செய்தவர்களின் நாய்கள் அதற்கப்புறம் சாவிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு தெருவைச் சுற்றி ஐந்து நிமிட ஓட்டம். வாயில் எச்சில் ஒழுகுதல், உதட்டை நக்கிக்கொண்டே இருத்தல், தூக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விடுதல் ஆகியவை பதற்றத்தின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

5. வெப்பம்: நிற்கிற வண்டியின் கணக்கு

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிர்ந்துகொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஆவியாதல் நடக்காது. குளச்சலிலும் முட்டத்திலும் வெப்பமானி 32 டிகிரிதான் காட்டும், ஆனால் கடற்கரைப் புழுக்கத்தில் நாய்க்கு அது மிக அதிகம். 'நம் ஊரில் பெரிய வெயில் இல்லையே' என்ற நினைப்பு நாய் விஷயத்தில் தவறு.

வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும். அரை மணியில் 19 டிகிரி வரை ஏறும். வெளியே 30 என்றால் உள்ளே 49. ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைப்பதால் இதில் பெரிய மாற்றம் வராது.

கோவில்பட்டிக்கு அருகே ஒரு பகலில் சாப்பிட இறங்கினேன். வண்டி புளியமர நிழலில்தான் நின்றது. ஜன்னல்கள் திறந்திருந்தன. இருபது நிமிடத்தில் திரும்பியபோது நிழல் நகர்ந்திருந்தது. செவலையின் நாக்கு கருஞ்சிவப்பாக இருந்தது, எச்சில் கோழையாகத் தொங்கியது, கூப்பிட்டதற்குத் தலையைத் திருப்பவில்லை. அன்று அது பிழைத்தது. அந்த இருபது நிமிடத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அதன் பிறகு நான் வைத்திருக்கும் விதி: வண்டி நின்றால் நாயுடன் ஒருவர் இருக்க வேண்டும். தனியாகப் பயணம் செய்கிறவர் உணவைப் பொட்டலமாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

"ஏசி இருக்கிறதே" என்பார்கள். எஞ்சினை அணைத்த பிறகு அது எதில் ஓடும்? 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 1,800 வாட்-அவர். ஈய பேட்டரி என்றால் பாதிதான் எடுக்கலாம், 900. ஒரு டன் ஏசி சுமார் 1,000 வாட் இழுக்கும். ஒரு மணி நேரம்கூட வராது. 30 வாட் கூரை விசிறியோ அதே பேட்டரியில் 30 மணி நேரம் ஓடும். ஆகவே முதலில் கூரையில் காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் பொருத்துங்கள். எதிர்ப்பக்கம் தாழ்வான ஜன்னலுக்குக் கம்பி வலை போடுங்கள். சூடான காற்று மேலே போகும், குளிர்ந்தது கீழே வரும். ஏசி அதற்குப் பிறகுதான்.

வெப்பநிலையைக் கைபேசிக்கு அனுப்பும் கருவிகள் நல்லவைதான். ஆனால் பேச்சிப்பாறைப் பக்கம் போனால் சிக்னல் விட்டுவிட்டு வரும். அதை நம்பி நாயைத் தனியே விடாதீர்கள்.

வெப்பத்தாக்கு வந்தால் செய்ய வேண்டியவை இந்த வரிசையில்: நிழலுக்குக் கொண்டு போங்கள். சாதாரணத் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாம் படும்படி ஊற்றுங்கள். விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள். அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். ஐஸ் தண்ணீர் வேண்டாம். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். தானாகக் குடித்தால் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள்: நாயின் இயல்பு வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. 39.5க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

6. மூன்று ஒத்திகைகள்

நெடும்பயணத்துக்கு முன் மாவட்டத்துக்குள்ளேயே மூன்று ஒத்திகை பாருங்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு குறையைக் காட்டும்.

முதலாவது முட்டம். காலையில் போய் வெயிலுக்கு முன் திரும்பும் அரை நாள் பயணம். பார்க்க வேண்டியது கதவு. வண்டியை நிறுத்தியதும் கடல் வாடைக்கு நாய் பாயும். சங்கிலி கையில், பிறகுதான் கதவு என்ற ஒழுங்கு வீட்டில் எல்லோருக்கும் பழக வேண்டும். பயணத்தில் நாய் தொலைவது பெரும்பாலும் கதவு திறக்கும் அந்த ஒரு நொடியில்தான்.

கடற்கரையில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். கரமடி (கரையிலிருந்து இழுக்கும் வலை) இழுத்த இடங்களில் விற்க முடியாத மீன்களை மணலிலேயே போட்டிருப்பார்கள். அதில் பேத்தை மீன் கிடக்கும். அதன் நஞ்சு மூச்சுத் தசைகளை முடக்கும். மாற்று மருந்து கிடையாது. கடல்நீரைக் குடித்தாலும் வாந்தியும் பேதியும் வரும். ஆகவே இறங்கும் முன்பே நல்ல தண்ணீர் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு இரவு. தக்கலையிலிருந்து போகும் சாலை வளைந்து வளைந்து போகும். இங்கே வாந்தி எடுக்காத நாய் நான்கு வழிச்சாலையில் எடுக்காது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கிளைகளும் கம்பிகளும் தாழ்வாகத் தொங்கும். வண்டியின் உயரத்தை ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். தோட்டத்தில் நாயைச் சங்கிலியிலேயே வையுங்கள். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் ரப்பர் பாலை உறையவைக்க ஆசிட் பயன்படுத்துவார்கள். அங்கே தேங்கியிருக்கும் நீரை நாய் குடித்துவிடக் கூடாது. இரவில் வண்டிக்கு வெளியே கட்ட வேண்டாம். மலையடிவாரத்தில் சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. சரணாலய எல்லைக்குள் நாயைக் கொண்டு போகவும் கூடாது.

அந்த ஒரு இரவில்தான், நாய் எந்தச் சத்தத்துக்கு எழுகிறது, எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டும் என்கிறது என்பதெல்லாம் தெரியவரும்.

மூன்றாவது ஆரல்வாய்மொழி, முப்பந்தல். காற்றாலைகள் நிற்கும் இடம் என்றாலே காற்று எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே நிறுத்தும்போது வண்டியின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்துங்கள். பக்கவாட்டில் நிறுத்தினால் கதவைக் காற்று பிடுங்கும். நாயின் வாலும் பாதமும் கதவில் நசுங்குவது அப்படித்தான்.

7. இப்போது வாங்குங்கள்

சாப்பாடு: வீட்டில் எது தின்கிறதோ அதுவே. புது உணவும் புதுத் தண்ணீரும் ஒரே நேரத்தில் மாறினால் பேதி எதனால் என்று தெரியாது. செவலைக்குச் சாளை மீனும் சோறும் பழக்கம். வடக்கே சாளை கிடைக்காது என்பதால் ஒரு மாதம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கோழிக்கு மாற்றினேன். மரச்சீனிக்கிழங்கு கொடுப்பவர்கள் வேகவைத்தே கொடுக்க வேண்டும். பச்சைக் கிழங்கில் சயனைடு உண்டு. வெங்காயம், திராட்சை, சாக்லேட் இருக்கும் டப்பாக்களை நாய்க்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.

தண்ணீர்: கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல். வெயிலில் இரு மடங்கு. மனிதர்களின் கணக்கில் சேர்க்காமல் தனி கேன் வையுங்கள்.

மருந்துப் பெட்டி: மருத்துவர் எழுதிக் கொடுத்தவை, வெப்பமானி, பஞ்சு, கட்டுத்துணி, உண்ணி பிடுங்கும் இடுக்கி, வாய்க்கூடு. வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால் வாய்க்கூடு அவசியம். பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சு. 'காய்ச்சல்தானே, பாதி மாத்திரை' என்று யாரும் கொடுத்துவிடாதபடி வண்டியில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

கழுத்துப் பட்டையில் பெயர்த் தகடு. அதில் பயணத்தில் கூட வருகிறவரின் கைபேசி எண் இருக்கட்டும், பூட்டிக் கிடக்கும் வீட்டின் எண் வேண்டாம்.

8. வழியை நாயின் கணக்கில் பிரியுங்கள்

நாகர்கோவிலிலிருந்து பெங்களூருவுக்கு ஒரே நாளில் போய்விடலாம் என்று திட்டமிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. 650 கிலோமீட்டருக்கு மேல். மனிதர் தாங்குவார். நாய் நாள் முழுக்கக் குலுங்கிவிட்டு இரவில் சாப்பிடாது, மறுநாள் ஏறாது. நாளொன்றுக்கு 200 முதல் 250 கிலோமீட்டர் போதும். முதல் நாள் மதுரை, இரண்டாம் நாள் நாமக்கல், மூன்றாம் நாள் ஓசூர் என்று பிரித்தால் மூன்று நாளும் வெயில் ஏறும் முன் பெரும்பகுதி ஓடி முடித்துவிடலாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் நிறுத்துங்கள். தார்ச் சாலையில் புறங்கையை வையுங்கள். ஐந்து நொடி தாங்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது.

தேசிய நெடுஞ்சாலை 44 நமக்கு ஒரு வசதி. திருநெல்வேலி, நாமக்கல், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர் என்று அந்த வழியில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த ஊர்களை நடுப்புள்ளிகளாக வைத்துத் தாளில் எழுதுங்கள். தமிழ்நாட்டுக்குள் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். மைசூருப் பக்கம் பந்திப்பூர் வழியாகப் போகிறவர்கள் இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச் சாலை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள். சாவடியில் சிக்கினால் நாயுடன் இரவு முழுக்க வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இரவில் தங்கப் பெட்ரோல் பங்க் நல்லது, அனுமதி கேட்டுக்கொண்டு. லாரிகளுக்கு நடுவே வேண்டாம். அவற்றின் எஞ்சின் புகை உங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வரும்.

9. கிளம்பும் நாள்

விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். முந்தைய இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு முடிந்திருக்கட்டும். வெறும் வயிற்றில் வாந்தி குறையும். தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

ஏறும் முன் அரை மணி நடக்க வையுங்கள். பழைய போர்வை ஒன்றைத் துவைக்காமல் அதன் இடத்தில் போடுங்கள். வீட்டு வாடை இருந்தால் சீக்கிரம் படுக்கும். காவல்கிணறு தாண்டி நான்கு வழிச்சாலையில் ஏறியதும் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். மூச்சும் எச்சிலும் இயல்பாக இருந்தால் அன்றைய நாள் நல்லபடி போகும்.

10. நிறுத்தும் இடங்களில் தெருநாய்கள்

சுங்கச்சாவடி, உணவகம், பங்க் எல்லாவற்றுக்கும் அந்தந்த இடத்து நாய்க்கூட்டம் உண்டு. உங்கள் நாய் அவற்றின் எல்லைக்குள் நுழைகிற அந்நியன். முதலில் நீங்கள் மட்டும் இறங்கி வண்டியைச் சுற்றி வாருங்கள்; கூட்டம் இருந்தால் அடுத்த இடத்துக்குப் போங்கள்.

உங்கள் நாய் கடி வாங்கினால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். தடுப்பூசி முன்பே போட்டிருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். பிரித்துவிடப் போய் உங்களுக்குக் கீறல் விழுந்திருந்தால் நீங்களும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

11. திரும்பி வந்த பிறகு

வீட்டுக்குள் விடும் முன் உண்ணி பாருங்கள். காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலின் அடிப்பகுதி. பாயையும் போர்வையையும் வெந்நீரில் துவையுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் உண்ணி கடித்த அன்றே தெரியாது. ஒன்றிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். அதுவரை தினமும் ஈறின் நிறத்தைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ மருத்துவரிடம் கொண்டு போங்கள். எந்த ஊர்களில் இரவு தங்கினீர்கள் என்ற பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.